எரிமலை மலைகளில் நிலச்சரிவு: வரைபடத்தில் எதைக் குறிக்கிறோம், காரணத்தை எங்கே தேடுகிறோம்?

வெப்பமண்டலத்து எரிமலைப் பகுதிகளில் நிலச்சரிவுகளை எப்படி வரைபடமாக்குகிறார்கள், காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், செயற்கைக்கோள் படங்களையும் மழைக் கணக்கையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் போதாதா என்பது கேள்வி. போதாது. அந்த இரண்டும் இல்லாமல் வேலை தொடங்காது என்பது உண்மை. ஆனால் அவற்றை மட்டும் நம்பி எழுதிய முடிவுகளில் பல, மலையைப் பற்றிச் சொல்வதைவிடப் படம் எடுத்த விதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எரிமலையில் நிலச்சரிவு என்றதும் பலருக்கு வெடிப்பும் தீக்குழம்பும்தான் நினைவுக்கு வரும். சரிவதற்கு எரிமலை விழித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. உகாண்டா, கென்யா எல்லையில் நிற்கும் எல்கன் மலை அணைந்து மிக நீண்ட காலம் ஆகிவிட்டது. அதன் உகாண்டாப் பக்கத்தில் உள்ள புடுடாவில் 2010 மார்ச் 1 அன்று நமெட்சி கிராமம் மண்ணுக்குள் போனது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சில நூறு பேர். நிகரகுவாவின் கஸீட்டா எரிமலை வரலாற்றுக் காலத்தில் வெடித்ததாகப் பதிவே கிடையாது. 1998 அக்டோபர் 30 அன்று மிட்ச் சூறாவளி கொட்டிய மழையில் அதன் உச்சிக்கருகே ஒரு பக்கம் உடைந்தது. கீழே இறங்க இறங்க வழியிலிருந்த மண்ணையும் நீரையும் சேர்த்துப் பெருத்து, எல் போர்வெனிர், ரொலாந்தோ ரொத்ரிகெஸ் என்ற இரண்டு ஊர்களை அழித்தது. சுமார் 2,500 பேர் இறந்தார்கள்.

ஆபத்து, எரிமலை அடுக்கிவிட்டுப் போன பொருளில் இருக்கிறது. ஒரு காலத்தில் குழம்பு வழிந்து இறுகும். இன்னொரு காலத்தில் சாம்பலும் நுரைக்கல்லும் கொட்டும். பிறகு நீண்ட அமைதி. அந்தச் சாம்பலின் மேல் மண் உருவாகிக் காடு வளரும். மறுபடி சாம்பல் வந்து அந்த மண்ணையே புதைக்கும். இப்படி நீர் சட்டென்று இறங்கும் சரளைச் சாம்பலும், நீரைத் தடுக்கும் களிமண்ணாகிப்போன பழைய புதைமண்ணும் மாறி மாறிக் கிடக்கும். மேலிருந்து இறங்கும் மழைநீர் களிமண் அடுக்கின் மேல் தேங்கி நிற்கும். அங்கே மண் துகள்களுக்கு இடையில் நீரழுத்தம் ஏற ஏற, துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கிறது. இதில் இன்னொரு கெடுதல் உண்டு. சாம்பல் வானிலிருந்து விழுந்து மலையின் மேல் போர்வையாகப் படிவதால், அடுக்குகள் சரிவுக்கு இணையாகவே சாய்ந்திருக்கும். வழுக்குவதற்கான தளம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது என்று பொருள்.

இதோடு வெப்பமும் ஈரமும் சேர்கின்றன. எரிமலைக் கண்ணாடித் துகள்கள் வெப்பமண்டலத்தில் வேகமாகச் சிதைந்து அலோபேன், ஹாலோய்சைட் போன்ற களிமண் கனிமங்களாக மாறும். இவற்றால் ஆன மண்ணை மண்ணியலில் ஆண்டோசால் என்பார்கள். ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராமுக்கு மேல் போகாத அளவுக்கு எடை குறைவு; உள்ளெல்லாம் நுண்துளை. கடற்பஞ்சு போல ஏராளமான நீரைத் தாங்கிக்கொண்டு வெளியே உறுதியாகத் தெரியும். கையில் எடுத்து அழுத்திப் பிசைந்தால், பிடித்து வைத்திருந்த நீரை விட்டுவிட்டுக் குழைந்துவிடும். மலைச்சரிவிலும் இதேதான் நடக்கிறது: கட்டியாக நகரத் தொடங்கிய மண், சில நூறு மீட்டருக்குள் சேற்றுப் பெருக்காக மாறிவிடுகிறது. இந்த மண்ணின் இன்னொரு குணம் மக்களை ஏமாற்றக்கூடியது. கலைக்காத வரை, செங்குத்தாக வெட்டிய சுவராகவும் நிற்கும். வெட்டு நிற்கிறதே என்று நம்பி அதன் அடியில் வீடு கட்டுகிறார்கள். எரிமலை மண் வளமானது என்பதால் மலையில் ஆட்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள் என்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஒன்று, மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. எரிமலையின் உள்ளே வெகுகாலம் சுற்றிய சூடான, அமிலம் கலந்த நீரும் ஆவியும் பாறையையே களிமண்ணாக்கிவிடும். கஸீட்டாவில் உடைந்தது அப்படி உள்ளுக்குள் மக்கிப்போன பாறைதான். மலை முழுவதுமே தன் எடை தாங்காமல் மெல்லப் பரந்து வந்ததையும் அங்கே ஆய்வு செய்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மரம் வெட்டியதுதான் காரணம் என்று சொன்னால் கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் எந்த மரத்தின் வேரும் அந்த ஆழத்துக்குப் போகாது.

இனி வரைபடம். அடிப்படை வேலை நிலச்சரிவுகளின் பதிவேடு ஒன்றை உருவாக்குவது: எங்கே, எப்போது, எந்த வகை, எவ்வளவு பெரியது. முன்பு வான்படங்களை இரட்டையாக வைத்து முப்பரிமாணத்தில் பார்த்து வரைந்தார்கள். பழைய வான்படங்கள் இன்றும் தங்கம்தான். செயற்கைக்கோள் வருவதற்கு முந்தைய காலத்து வடுக்களைப் படமாகக் காட்ட வேறு வழி இல்லை. இப்போது கையில் இருப்பவை ஏராளம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். சென்டினல்-2 தருவது 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒரு முறை. அரை மீட்டர் வரை காட்டும் வணிகச் செயற்கைக்கோள்களும் உண்டு. சரிவுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, பச்சை திடீரென மறைந்த இடங்களைக் கணினியே பொறுக்கித் தரும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நிலச்சரிவு நடக்கும் மாதங்கள்தான் மேகம் மூடிய மாதங்கள். மேகம் விலகித் தெளிந்த படம் கிடைப்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். வறண்ட நாடுகளில் ஒரு சரிவின் வடு பல பத்தாண்டுகள் கண்ணுக்குத் தெரியும். வெப்பமண்டலத்திலோ ஓரிரண்டு மழைக்காலத்தில் புல்லும் புதரும் ஏறிவிடும். சிறிய சரிவுகளை உழவர்கள் அதற்கு முன்பே சமன்செய்து மறுபடி பயிர் வைத்துவிடுவார்கள். ஆகவே ஒரே ஒரு ஆண்டின் படத்தை வைத்துப் பதிவேடு செய்தால், அதில் இருப்பது அந்த மலையின் நிலச்சரிவு வரலாறு அல்ல. அதற்கு முந்தைய சில ஆண்டுகளின் எச்சம் மட்டுமே. மேகத்தை ஊடுருவும் ரேடார் உதவாதா என்று கேட்பீர்கள். உதவும், ஓரளவு. சென்டினல்-1 ரேடாரின் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர். அந்த அலை அடர்ந்த இலைகளில் மோதிச் சிதறுவதால், தரை மில்லிமீட்டர் கணக்கில் நகர்வதை அளக்கும் முறை காட்டுப்பகுதியில் தடுமாறும். சுமார் 24 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட ஜப்பானின் அலோஸ் வகை ரேடார் இந்த வேலைக்கு மேலானது. செங்குத்தான சரிவுகளில் ஒரு பக்கம் ரேடாரின் நிழலில் விழுந்துவிடும் என்ற தொல்லை இரண்டுக்கும் பொது.

காட்டுக்குள் மறைந்த பழைய, பெரிய சரிவுகளைக் காட்டுவதில் லைடாருக்கு இணை இல்லை. விமானத்திலிருந்து அனுப்பும் லேசர் துடிப்புகளில் சில இலை இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்பும். அவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் மரமே இல்லாத மலை கணினியில் தெரியும். மேல்விளிம்பில் லாட வடிவ வெட்டு, நடுவில் தட்டையான படி, அடியில் புடைத்த மேடு ஆகிய மூன்றும் சேர்ந்து தெரிந்தால், அது எத்தனை நூற்றாண்டு பழையதானாலும் நிலச்சரிவுதான். செலவு அதிகம் என்பதால் பல ஏழை நாடுகளில் இன்னும் 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த 30 மீட்டர் உயரத் தரவையே நம்பி இருக்கிறார்கள். அதில் 20 மீட்டர் அகலச் சரிவு தெரிய வாய்ப்பே இல்லை. தெரியாத சரிவு கணக்கில் இல்லாத சரிவு.

மலை மொத்தமும் சரிந்த தடயங்கள் வேறு வகை. மேற்கு ஜாவாவில் கலுங்குங் எரிமலைக்குக் கீழே, தசிக்மலாயாவைச் சுற்றி, சிறு குன்றுகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. உள்ளூரில் பத்தாயிரம் குன்றுகள் என்றே பெயர். அவை தனித்தனியாக முளைத்த மலைகள் அல்ல. எரிமலையின் ஒரு பக்கம் முழுவதும் இடிந்து வந்து சிதறிய துண்டுகள். 1980இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை கண்முன்னே இடிந்து இதே போன்ற குன்றுகளை விட்டுச்சென்ற பிறகுதான் உலகெங்கும் உள்ள இத்தகைய நிலத்தோற்றங்களின் பொருள் நிலவியலாளர்களுக்குப் பளிச்சென்று விளங்கியது.

பதிவேட்டில் நான் மிகவும் வலியுறுத்தும் விஷயம் ஒன்று உண்டு: ஒரு சரிவுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகக் கூடாது. எல்லை வரைய வேண்டும். அதிலும், உடைந்த இடத்தைத் தனியாகவும், ஓடிய தடத்தையும் படிந்த இடத்தையும் தனியாகவும் பிரிக்க வேண்டும். கஸீட்டா போன்ற ஒன்றை மொத்தமாக ஒரே வடிவமாக வரைந்து கணினியிடம் கொடுத்தால் என்ன ஆகும்? பரப்பில் பெரும்பகுதி, சேறு படிந்த சமவெளி. மென்மையான சரிவுள்ள நிலத்தில்தான் நிலச்சரிவு தொடங்குகிறது என்று கணினி கற்றுக்கொள்ளும். புள்ளி வைத்தாலும் ஆபத்து தீராது. நிலச்சரிவின் நடுவில் வைத்த புள்ளி, உடைந்த இடத்திலிருந்து வெகு தூரம் கீழே விழும். வகையையும் பிரிக்க வேண்டும். பாறை விழுதல், மண் வழுக்கல், சேற்று ஓட்டம் எல்லாவற்றையும் கலந்து பொதுக் காரணம் தேடுவது, எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே கிருமியைத் தேடுவதுதான்.

நாள் குறிப்பதும் அவ்வளவு எளிதல்ல. 2024 ஜூலையில் தெற்கு எத்தியோப்பிய மலைப்பகுதியான கோஃபாவில் முதலில் ஒரு சரிவு. புதைந்தவர்களை மீட்கக் கூடிய மக்கள் மேல் இன்னொன்று விழுந்தது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் மீட்க வந்தவர்கள். பின்னால் எடுத்த படத்தில் பார்ப்பவருக்கு அது ஒரே வடு. இரண்டு நிகழ்வுகள், இடையே கடந்த நேரம், எது எதை அடித்தளம் இழக்கச் செய்தது ஆகியவை நேரில் கேட்டால்தான் தெரியும். அதனால் கிராமத்துக்குப் போய், விரிசல் எப்போது கண்டீர்கள், ஊற்று கலங்கியதா, வீட்டுக் கதவு இறுகியதா என்று விசாரிப்பது ஆய்வின் அலங்காரம் அல்ல, தரவே அதுதான். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 2007இலிருந்து செய்தி அறிக்கைகளைக் கொண்டு உலகப் பட்டியல் ஒன்றைத் தொகுத்திருக்கிறது. பயனுள்ள பட்டியல், ஆனால் உயிர்ச்சேதமோ சாலைத் தடையோ இல்லாத சரிவு செய்தியாவதில்லை என்பதை மறந்து அதைப் பயன்படுத்தக் கூடாது.

காரணத்துக்கு வருவோம். துறையில் மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். நிலத்தின் பிறவிக் குணங்கள்: பாறை, அடுக்கு, சரிவின் செங்குத்து. பிறகு மெல்ல மெல்லப் பலவீனப்படுத்துபவை: சிதைவு, ஆறு அடியை அரித்தல், காடழிப்பு. கடைசியாக, அன்றைக்குத் தள்ளிவிட்டது எது. செய்தித்தாள்கள் மூன்றாவதை மட்டுமே காரணம் என்று எழுதும். ஒரே மழை ஒரே மலையின் நூறு சரிவுகளில் பெய்கிறது, அவற்றில் சில மட்டுமே உடைகின்றன. ஏன் இந்தச் சில என்பதற்கு மழையில் பதில் கிடைக்காது.

எல்கன் மலையில் மன்ஜியா பகுதியில் செய்து 2006இல் வெளியான ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. 98 நிலச்சரிவுகளைக் களத்தில் நேராகப் போய் அளந்தார்கள். நகர்ந்த மண் மொத்தம் சுமார் 1.1 கோடி கன மீட்டர். நீர் வந்து குவியும் குழிவான சரிவுகளிலும், மழைக்காற்று மோதும் வடக்கு, வடகிழக்கு நோக்கிய பக்கங்களிலும்தான் அவை அதிகம். களிமண்ணின் குணம் அடிப்படை. காடழிப்பும், வீட்டுக்கும் நடைபாதைக்குமாகச் சரிவின் அடியை வெட்டியதும் அதன்மேல் சேர்ந்தவை. இப்படி ஒவ்வொன்றுக்கும் எடை போட முடிந்ததற்குக் காரணம், பதிவேட்டை மேசையில் உட்கார்ந்து செய்யாததுதான்.

மழை விஷயத்தில் பெரிய குறை, மழைமானி இல்லாதது. வெப்பமண்டல மலைகளில் மழை ஒரு பள்ளத்தாக்குக்கும் அடுத்ததற்கும் பல மடங்கு மாறும். கேமரூன் மலையின் கடலோர அடிவாரத்தில் உள்ள டெபுண்ட்சாவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. மலையின் மறுபக்கம் அதில் சிறு பங்குதான். ரீயூனியன் தீவின் எரிமலை மேட்டில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பதிவானது. செயற்கைக்கோள் மழைத் தரவின் ஒரு கட்டம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் அகலம்; அதற்குள் ஒரு மலையே அடங்கிவிடும். மலை முகட்டில் மேகம் மோதிப் பெய்யும் மழையை அது குறைத்துக் காட்டுவதும் வழக்கம். எவ்வளவு மழை எத்தனை மணி நேரம் பெய்தால் சரியும் என்ற வரம்புக்கோட்டை நெல் கேன் என்ற ஆய்வாளர் 1980இல் உலகம் முழுமைக்குமாக வரைந்தார். அது நல்ல தொடக்கம். ஆனால் ஒவ்வொரு மலைக்கும் தன் கோடு வேண்டும்.

ஆழமான சரிவுகளுக்கு அந்தக் கோடும் பொருந்தாது. பிலிப்பைன்ஸின் லேய்ட்டே தீவில் கின்சாவ்கோன் கிராமத்தை 2006 பிப்ரவரி 17 அன்று மலை விழுங்கியபோது, 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கனமழை ஓய்ந்து சில நாட்கள் ஆகியிருந்தன. மேல்மண் சில மணி நேரத்தில் ஊறிவிடும். உடைந்து விரிசலிட்ட பாறைக்குள் நீர் இறங்கி அழுத்தம் உச்சத்தைத் தொட நாட்களோ வாரங்களோ ஆகும். அந்த மலை தீவை வகிர்ந்து செல்லும் நிலப்பிளவின் மேலேயே நின்றது என்பதும் சேர்த்துக்கொள்ள வேண்டியது. மழை நின்றதும் மக்களை வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் இந்த வகைச் சரிவில் எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மழையே இல்லாமலும் நடக்கும். எல் சால்வடாரில் 2001 ஜனவரி 13 அன்று, அங்கே வறண்ட பருவத்தில், கடலடியில் 7.7 அளவில் நிலநடுக்கம். சாண்டா டெக்லா நகருக்கு மேலே இருந்த எரிமலைப் படிவ முகடு உடைந்து லாஸ் கொலினாஸ் குடியிருப்பின் மேல் இறங்கியது. சுமார் 585 பேர் இறந்தார்கள். முகடுகளின் உச்சியில் அதிர்வு பெருகும். ஆகவே நிலநடுக்கச் சரிவுகள் முகட்டை ஒட்டியும், மழைச் சரிவுகள் நீர் கூடும் பள்ளத்தை ஒட்டியும் கூட்டமாக இருக்கும். நாள் தெரியாத பழைய வடுக்களுக்குக் காரணம் ஊகிக்க இந்த வேறுபாடு ஓரளவு கைகொடுக்கும்.

மனிதக் காரணத்தில் இரண்டு பக்கமும் மிகை உண்டு. வெட்டிய மரத்தின் வேர் உடனே அழுகாது. சில ஆண்டுகளில் மெல்ல வலுவிழக்கும். அதனால் காடழிப்புக்கும் சரிவுக்கும் இடையே காலதாமதம் இருக்கும், அந்த ஆண்டின் காட்டுப் பரப்பை மட்டும் பார்த்தால் தொடர்பு தெரியாமல் போகலாம். வேர் பிடிப்பது மேல் ஓரிரண்டு மீட்டர் மண்ணைத்தான் என்பதால், ஆழச் சரிவில் காட்டுக்குப் பங்கு குறைவு. சாலைகளைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகம் எப்போதும் உண்டு. சாலையோரத்தில் சரிவுகள் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வெட்டுச்சரிவும், சாலை நீரை ஒரே இடத்தில் கொட்டும் மதகும் உண்மையான காரணங்களே. ஆனால் பதிவேட்டைச் செய்தவர் சாலையில் போனாரா, ட்ரோனும் விமானப் படமும் கொண்டு மலை முழுவதையும் பார்த்தாரா என்று கேட்காமல் அந்த முடிவை நான் ஏற்பதில்லை.

பதிவேடும் காரணிகளும் கையில் வந்ததும், எங்கே சரிய வாய்ப்பு அதிகம் என்று காட்டும் ஏதுநிலை வரைபடம் தயாரிப்பார்கள். புள்ளியியல், இயந்திரக் கற்றல், நீரும் மண்ணும் சமன்படும் இயற்பியல் கணக்கு எனப் பல வழிகள். எந்த வழி சிறந்தது என்ற விவாதத்துக்குச் செலவாகும் உழைப்பில் கொஞ்சம், உள்ளே போகும் நிலவியல் வரைபடத்துக்குச் செலவாகியிருக்கலாம். பல எரிமலைகளின் நிலவியல் வரைபடத்தில் மொத்த மலையும் ஒரே வண்ணத்தில், எரிமலைப் பாறை என்ற ஒரே பெயரில் இருக்கும். மேலே சொன்ன சாம்பல் அடுக்கு, புதைமண், மக்கிய பாறை எதுவும் அதில் இல்லை. காரணி வரைபடத்தில் இல்லாததால், கணினி சரிவின் சாய்வையே எல்லாவற்றுக்கும் காரணமாக்கும். சாய்வு கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பதும் முழு உண்மையல்ல. மிகச் செங்குத்தான இடங்களில் மண்ணே தங்காது, வழுக்குவதற்கு அங்கே எதுவும் இருக்காது.

சோதிக்கும் முறையிலும் ஒரு கண்கட்டு உண்டு. பதிவேட்டைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியால் கற்பித்து மறு பகுதியால் சோதித்தால் மதிப்பெண் அழகாக வரும். பக்கத்துப் பக்கத்துச் சரிவுகள் கற்பித்த பகுதியிலும் சோதித்த பகுதியிலும் இருக்கின்றனவே. பழைய சரிவுகளால் கற்பித்து, பிறகு வந்த மழைக்காலத்தின் சரிவுகளால் சோதித்தால்தான் உண்மையான திறன் தெரியும்.

இந்த வரைபடம் காட்டுவது உடையும் இடத்தை. மக்கள் இறப்பது பெரும்பாலும் சேறு வந்து சேரும் இடத்தில். குவாத்தமாலாவில் 2005 அக்டோபரில் ஸ்டான் சூறாவளியின்போது பனபாஹ் கிராமத்தைப் புதைத்த சேறு, டோலிமான் எரிமலையின் மேல் சரிவிலிருந்து வந்தது. கிராமம் இருந்ததோ கீழே விசிறி போல விரிந்த சாய்வான நிலத்தில். கொலம்பியாவின் ஆர்மெரோ 1985 நவம்பர் 13 அன்று அழிந்தது. அங்கே எரிமலை வெடித்து உருக்கிய பனிநீர்தான் சேற்றைக் கிளப்பியது, இறந்தவர்கள் சுமார் 23,000. ஊர் நின்ற நிலமே 1845ஆம் ஆண்டுச் சேற்றுப் படிவம். ஆபத்து வரைபடமும் பேரழிவுக்கு முன் தயாராகி இருந்தது. ஆகவே ஏதுநிலை வரைபடத்தோடு, சேறு ஓடும் தூரத்தைக் கணக்கிட்ட இரண்டாவது வரைபடம் இல்லாவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

பணமும் ஆட்களும் குறைவாக இருந்து எங்கே தொடங்குவது என்று கேட்டால், என் வரிசை இது. இலவசமாகக் கிடைக்கும் பல ஆண்டு உயர்தெளிவுப் படங்களில் ஒவ்வொரு ஆண்டையும் தனியாகப் பார்த்து எல்லை வரையுங்கள். ஓடைகள் மலையிலிருந்து வெளியேறும் விசிறி நிலங்களில் கிணற்றுச் சுவர்களையும் ஆற்றங்கரை வெட்டுகளையும் பாருங்கள். பெரிய பாறைகளும் களிமண்ணும் வரிசையின்றிக் கலந்த அடுக்கு தெரிந்தால், பழைய சேற்றுப் பெருக்கு வந்த இடம் அது. சாலை வெட்டுகளில் புதைமண் அடுக்குகளின் ஆழத்தையும் சாய்வையும் அளந்து, சரிந்த இடங்களில் வழுக்குத்தளம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். பள்ளத்தாக்குக்கு ஒன்றாகச் சில மழைமானிகளை, மேல் சரிவிலும் சேர்த்து, வையுங்கள். மென்பொருளை இதற்கெல்லாம் பிறகு திறந்தால் போதும்.